குரல் இயல்பு

தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஊர் ஒன்றில், அரசு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இது நடந்தது. குருவின் பெயர் டாக்டர் இசக்கியம்மாள், வயது நாற்பது. சீடர் டாக்டர் தனுஷ்கோடிக்கு நாற்பத்தொன்பது. தாலுகா ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் காய்ச்சலுக்கும் நாய்க்கடிக்கும் ஊசி போட்டுவிட்டு, மேல்படிப்புக்கு இடம் கிடைத்து வந்தவர். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள்.

ஒருநாள் இசக்கியம்மாள் கேட்டார்.

"ஒருத்தருக்குக் குரல் வரல. காரணம் என்னென்ன சார்?"

தனுஷ்கோடிக்கு இது வாய்ப்பாடு மாதிரி. மூளையில் தொடங்கினார். நாக்கை அசைக்கும் நரம்பு, அண்ணத்தைத் தூக்கும் நரம்பு, தொண்டையில் தண்ணீர் இறங்குவதை உணர்த்தும் நரம்பு. பிறகு குரல்வளை. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கிளை. மேல் கிளை சுருதியை ஏற்றும். மற்றது விசித்திரமான நரம்பு. இடது பக்கம் நெஞ்சு வரை இறங்கி, வலது பக்கம் காறை எலும்புக்கு அடியில் போய், ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறும். தைராய்டு சுரப்பியை உரசிக்கொண்டு வரும். அது அறுந்தால் அந்தப் பக்கத்துக் குரல் நாண் அசையாது. கட்டி, புண், வீக்கம், பக்கவாதம் என்று பதினேழு காரணம் சொன்னார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"எது மேடம்?"

"வரும்போது பார்த்துக்கலாம்."

தனுஷ்கோடி போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். பதினேழுதான் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை செண்பகவடிவுக்கு ஆபரேஷன். நாற்பத்து நாலு வயது. காலையில் தெருத்தெருவாகக் கீரை கூவி விற்பவள். கழுத்தில் வலது பக்கம் எலுமிச்சை அளவுக்குத் தைராய்டு கட்டி. இசக்கியம்மாளுக்குப் பக்கத்துத் தியேட்டரில் அவசரக் கேஸ் வந்துவிட்டதால் தனுஷ்கோடியே தனியாகச் செய்து முடித்தார்.

அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. தைராய்டு ஆபரேஷன் முடிந்து நோயாளி கண் விழித்ததும், செய்த டாக்டரே பக்கத்தில் நின்று பேசச் சொல்ல வேண்டும். குரல் கேட்ட பிறகுதான் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்.

செண்பகவடிவு கண் விழித்தாள். தனுஷ்கோடி குனிந்து கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

அவள் உதடு லேசாக அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது. கண்ணையும் மூடிக்கொண்டாள்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டீங்க சார்! கீரைக்கார அக்கா செத்தாலும் புருஷன் பேரச் சொல்லாது. எங்கம்மா ரேஷன் கடையிலகூட எங்கப்பா பேரச் சொல்ல என்னையத்தான் கூட்டிட்டுப் போவா."

தனுஷ்கோடியும் சிரித்தார். தியேட்டரே சிரித்தது. அவர் கேஸ் ஷீட்டை வாங்கி எழுதினார்: குரல் இயல்பு.

மறுநாள் காலை அவளுக்குக் கொடுத்த தண்ணீர் புரையேறியது. பேச வாய் திறந்தால் காற்று வந்தது. புருஷன் பால்வண்ணம் ஓடி வந்து கேட்டார்.

"மயக்கத்துக்குத் தொண்டையில டியூப் போட்டோம்லா, அதான் தொண்டை கட்டியிருக்கு. நாலு நாள்ல சரியாயிரும்" என்றார் தனுஷ்கோடி.

பொய் சொல்லும்போது அவருக்குக் குரல் கணீரென்று வந்தது.

வியாழக்கிழமை இசக்கியம்மாள் வார்டுக்கு வந்தார். செண்பகவடிவைப் பேசச் சொல்லிக் கேட்டார். பிறகு கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டுத் தொண்டைக்குள் பார்த்தார். இடது நாண் வந்து வந்து போயிற்று. வலது நாண் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

வெளியே வந்து கேட்டார். "‘குரல் இயல்பு’ன்னு எழுதியிருக்கீங்க. என்ன பேசினாங்க?"

"வீட்டுக்காரர் பேரக் கேட்டேன் மேடம்."

"சொன்னாங்களா?"

"வெக்கப்பட்டாங்க."

இசக்கியம்மாள் கேஸ் ஷீட்டை மூடினார்.

"நரம்பு வீங்கியிருந்தா ஆறு மாசம் பொறுக்கலாம், தானா வரும். அறுந்திருந்தா இப்பவே தொறந்து சேத்துத் தைக்கணும். நாள் ஆக ஆக நுனி கெடைக்காது. ரெண்டுல எதுன்னு தெரிஞ்ச ஆள் இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர்தான் சார். என்ன பாத்தீங்க?"

"கொஞ்சம் ரத்தம் வந்துச்சு மேடம். வீக்கமாத்தான் இருக்கும்."

"உள்ள வாங்க."

நோயாளி உட்காரும் ஸ்டூலில் அவரை உட்காரச் சொன்னார். மூக்கில் மரப்பு மருந்தைப் பீய்ச்சினார். கேமரா குழாயை விட்டார். திரையில் தனுஷ்கோடியின் குரல்வளை தெரிந்தது. இரட்டைக் கதவு மாதிரி இரண்டு வெள்ளை நாண்.

"ஈ சொல்லுங்க."

"ஈ..."

கதவு இரண்டும் வந்து சேர்ந்தது.

"உங்க பேரு?"

"தனுஷ்கோடி."

துடித்துத் துடித்து மூடித் திறந்தது.

"செவ்வாக்கிழம உள்ள என்ன பாத்தீங்க?"

கதவு திறந்தே நின்றது. மூச்சு போயிற்று, வந்தது. இசக்கியம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

"ரெண்டு பக்கமும் நரம்பு நல்லாத்தான் சார் இருக்கு" என்றார்.

குழாயை மெல்ல உருவினார். மூக்கில் கேமரா போனால் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். ஆகவே தனுஷ்கோடியின் கண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவருக்குப் பதினேழு காரணமும் ஞாபகம் வந்தன. அதில் ஒன்றும் இது இல்லை.

"வெள்ளையா ஒரு நூல் மேடம். ரத்தத்துல தெரியல. வெட்டினதுக்கு அப்புறம்தான் பாத்தேன்."

"எங்கிட்டச் சொல்லிட்டீங்க. கழுத்து என் கழுத்து இல்லையே."

தனுஷ்கோடி வார்டுக்குப் போனார். இருபது வருஷத்தில் எத்தனையோ சாவைச் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்றும் அவர் கை செய்ததில்லை.

பால்வண்ணம் மனைவிக்குக் கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டியூப்பால இல்லம்மா. நான் பொய் சொல்லிட்டேன். வெட்டக் கூடாத நரம்ப நான்தான் வெட்டிட்டேன்."

பால்வண்ணம் எழுந்தார். கையில் கரண்டி இருந்தது. அடித்துவிடுவார் என்று நினைத்து நர்ஸ் ஓடி வந்தாள். அவர் அடிக்கவில்லை.

"கூவாம கீரைய யாரு வாங்குவா?" என்று கேட்டார்.

"திரும்பத் தொறந்து தைக்கலாம். மேடம் செய்வாங்க. இப்ப இருக்குறதவிடத் தேறும். பக்கத்துல இருக்கவங்களுக்குக் கேக்குற மாதிரி வரும்."

"தெருவுக்கு?"

"தெருவுக்கு வராதுய்யா."

பால்வண்ணம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

செண்பகவடிவு கையை அசைத்து டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்தார். போதாது என்று இன்னும் குனிந்து அவள் வாயருகே காதை வைத்தார்.

"அன்னைக்கு வெக்கப்படல டாக்டரே." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு இழுத்தாள். "பேரு கேக்காகளேன்னு சொன்னேன். அவுக பேர... வாய் விட்டு சொன்னதே அதான் மொத தடவ. காத்துதான் வந்துச்சு. நீங்கள்லாம் சிரிச்சீக."

அவர் குனிந்தபடியே இருந்தார்.

"பால்வண்ணம்" என்றாள் அவள்.

மூன்றடி தள்ளி நின்ற பால்வண்ணம் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லுதா?" என்று கேட்டார்.

தனுஷ்கோடி நகர்ந்து, அவள் வாயருகே அவருக்கு இடம் விட்டார்.

தனுஷ்கோடி திரும்பி வந்தபோது இசக்கியம்மாள் மறுநாள் ஆபரேஷனுக்குத் தியேட்டருக்குச் சொல்லிவிட்டிருந்தார். மேசையில் செண்பகவடிவின் கேஸ் ஷீட் திறந்து கிடந்தது. தனுஷ்கோடி உட்கார்ந்தார். ‘குரல் இயல்பு’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். பேனா அங்கேயே நின்றது.

"இதுக்கு என்ன எழுதணும் மேடம்?"

இசக்கியம்மாள் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"கேட்டத எழுதுங்க."