பல்லை உடைத்துக்கொண்ட அழுங்கு

அந்தக் காலத்தில், மிருகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, அழுங்குக்கு வாய் நிறையப் பல் இருந்தது. எறும்புத்தின்னி என்று சொல்கிறோமே, அதுதான் அழுங்கு. அப்போது அதன் தோலும் மெத்தென்று இருக்கும். அது குடியிருந்த பாறைக்குன்றில் தண்டனை கொடுக்கும் வேலை அதனுடையது.

தீர்ப்புச் சொல்வது உடும்பு. பொய் சொன்னவரோடு பத்து நாள் யாரும் பேசக் கூடாது. அடுத்தவர் இரையைத் திருடினால் காதில் ஒரு துண்டு போகும். கோடையில் முறை தவறி ஊற்றுத் தண்ணீரைக் குடித்தவருக்கு மட்டும் பின்னங்கால் நரம்பைக் கடித்துவிடுவார்கள். பிறகு அவருக்குத் தண்ணீரும் கிடையாது. கொடுமைதான். ஆனால் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட கொடுமை, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

கடிப்பதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. குற்றவாளி என்று கொண்டுவரப்பட்டவரின் வாயை அழுங்கு மோந்து பார்க்க வேண்டும். ஊற்றின் அடியில் வெள்ளைக் களிமண் கிடந்தது. குடித்தவர் வாயில் அந்த வாசம் ஒரு நாள் முழுக்கப் போகாது. அழுங்கின் மூக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு கடுங்கோடையில் கீரியின் முறை வந்தது. கீரி போய்ப் பார்த்தால் ஊற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரைச் சேற்றில் முயல் படுத்திருந்தது. கீரி போட்ட கூச்சலில் குன்றே கூடிவிட்டது.

முயல் ஓடவில்லை. என் முறை நாளைக்குத்தான் என்று தெரியும், இரண்டு குட்டிகளுக்குக் கொடுக்கப் பால் வற்றிப்போனதால் ஈரத்தில் வயிற்றை வைத்துக் கிடக்கலாம் என்று வந்தேன் என்றது. உடும்பு அழுங்கைப் பார்த்தது.

அழுங்கு கிட்டே போனது. அதன் வாலடியில் எப்போதும்போல அதன் ஒற்றைக் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. அழுங்கு மூக்கை நீட்டி மோந்தது. களிமண் வாசம் குப்பென்று அடித்தது.

"நல்லா மோந்து பாருங்கக்கா. நான் குடிக்கல" என்றது முயல்.

அழுங்கு மறுபடி மோந்தது. அதே வாசம். சட்டென்று குனிந்து கடித்துவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடந்தது.

பொந்துக்குள் போய்ப் படுத்த பிறகும் அந்த வாசம் போகவில்லை. முயல் பக்கத்தில் இல்லை. அழுங்கு மெல்லத் திரும்பித் தன் குட்டியின் வாயை மோந்தது.

"தாகமா இருந்துச்சும்மா. நீ தூங்கிட்டிருந்தே" என்றது குட்டி.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து யாருடைய காலைக் கடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாளைத் தள்ளியது. முயல் குட்டிகளுக்கு இளம்புல் மட்டும் கொண்டுபோய் வைத்தது. முயலின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் முயல் செத்துப்போனது. அதற்கப்புறம் அழுங்கால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கூட்டத்தின் நடுவே வந்து, என் மூக்கு தப்பிவிட்டது, என்னைத் தண்டியுங்கள் என்றது.

"தண்ணி குடிச்சது உன் மூக்கு இல்லையே" என்றது உடும்பு. எல்லாருடைய கண்ணும் அழுங்கின் வாலடிக்குப் போனது. "நீதான் கடிக்கணும். முயலைக் கடிச்ச அதே பல்லால."

 அழுங்கு பக்கத்துப் பாறையில் வாயை ஓங்கி மோதியது. ஒரு பல்லும் மிஞ்சாத வரைக்கும் மோதியது. பிறகு குட்டியை வயிற்றோடு அணைத்து, தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டது.

அவர்கள் கல்லெறிந்தார்கள். முள்ளால் குத்தினார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முயல் குட்டிகள் இரண்டும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றன. அடிபட்ட இடமெல்லாம் காய்த்து, வெடித்து, ஓடு ஓடாக நின்றது. ஏழாம் நாள் மழை கொட்டியது. எல்லாரும் தண்ணீரைத் தேடிக் கலைந்தார்கள்.

அழுங்கு மெல்லச் சுருள் அவிழ்ந்தது. உள்ளே குட்டி உயிரோடு இருந்தது. கண்ணைத் திறந்து, "முயல் சித்தி எழுந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டது.

அழுங்கு அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் அழுங்கு பல்லில்லாத வாயால் எறும்பை நக்கித் தின்கிறது. காலடிச் சத்தம் கேட்டால், குட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதையோ மறைப்பதுபோல் சுருண்டுகொள்கிறது. உடம்பெல்லாம் ஓடு மூடியிருக்க, அன்று குட்டி ஒண்டியிருந்த அடிவயிறு மட்டும் இன்னும் வெறும் தோலாகவே இருக்கிறது.