குண்டுமணி உட்கார்ந்த தண்ணீர்

உப்பளத்தை ஒட்டி ஒரு சின்னக் குளம். அந்தக் குளத்தில் குண்டுமணி என்ற தவளை இருந்தாள். கரையில் வளை தோண்டி வாழ்ந்த நண்டக்கா அவளுடைய உயிர்த்தோழி.

அந்தச் சித்திரையில் குளம் வற்றிச் சேறும் வெடித்துவிட்டது. குண்டுமணியின் தோல் காய்ந்தது. நண்டக்காவின் வளைக்கு அடியில் மட்டும் ஒரு கை தண்ணீர் மிச்சம் இருந்தது. உள்ளே வந்து இருக்கும்படி நண்டக்கா பலமுறை கூப்பிட்டாள். குண்டுமணிக்கு இருட்டென்றால் பயம். வரப்புக்கு அந்தப் பக்கம் உப்புப் பாத்திகளில் பளபளத்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் குடித்துத் தொலைக்காதே. ஒரே உப்பு," என்றாள் நண்டக்கா.

குண்டுமணி சிரித்தாள். "அக்கா, தவளை என்றைக்கு வாயால் தண்ணீர் குடித்தது? சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன்."

நண்டக்காவுக்கும் அது சரியாகவே பட்டது. போகவிட்டாள்.

வெயில் ஏறியும் குண்டுமணி திரும்பவில்லை. நண்டக்கா தேடிக்கொண்டு ஓடினாள். பாத்தியின் நடுவே, வாடிய கத்தரிக்காய் போலச் சுருங்கிக் கிடந்தாள் குண்டுமணி.

"தண்ணீரில்தான் இருக்கிறேன், அக்கா. ஆனால் தாகம் கூடிக்கொண்டே போகிறது."

அப்போதுதான் நண்டக்காவுக்கு உறைத்தது. தவளைக்குத் தோல்தான் வாய். குளத்து நீர் அதன் வழியே உள்ளே போகும். வெளியே உப்பு மிகுந்தால், உள்ளே இருக்கும் நீர் அதே வழியாக வெளியேறிவிடும். குடிக்காதே என்று சொன்ன நான் உட்காராதே என்று சொல்லாமல் விட்டேனே என்று அவள் மனம் பதறியது.

கொடுக்கால் இழுத்தால் மெல்லிய தோல் கிழிந்துவிடும். அதனால் தன் முதுகைக் கட்டிக்கொள்ளும்படி குண்டுமணியிடம் சொன்னாள். அவளைச் சுமந்துகொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, ஒருவழியாக வரப்பைத் தாண்டி வளை வாசலுக்கு வந்தாள்.

"உள்ளே இருட்டாக இருக்குமே," என்று முனகினாள் குண்டுமணி.

"இருக்கும். நானும் இருப்பேன்."

அடியில் இருந்த தண்ணீர் ஒருவருக்குத்தான் போதும். நண்டக்கா ஈர மண்சுவரில் ஒட்டிக்கொண்டு அவளைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள். வெகுநேரம் சத்தமே இல்லை. நண்டக்காவுக்குப் பயம் வந்துவிட்டது.

"குண்டுமணி, என்ன செய்கிறாய்?"

இருட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறேன், அக்கா."

நாம் சும்மா இருந்தாலும் நாம் இருக்கும் இடம் சும்மா இருப்பதில்லை. ஆகவே அது நமக்குத் தருமா, நம்மிடமிருந்து எடுக்குமா என்று பார்த்தே எங்கும் அமர வேண்டும்.