மேட்டுக்குள் இரண்டு குடி

ஏரிக்கரை மேட்டுக்குள் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு வயல் எலியும் குடியேற நினைத்தன. வளை தோண்ட ஒரு பெருச்சாளியை அழைத்தன. அந்த வட்டாரத்தில் அதற்கு மேஸ்திரி என்றே பெயர்.

“ஆளுக்கு ஒரு வழி தோண்டித் தர்றேன். நடுவுல ரெண்டு சாண் மண் அப்படியே இருக்கட்டும்” என்றது பெருச்சாளி.

“எத்தனை நாளாகும்?” என்று கேட்டது முள்ளம்பன்றி.

“ஆறு நாள்.”

“ஆறு நாளா! மழை நாளைக்கே இறங்கிடும் போலிருக்கு. நாங்க என்ன பகையாளியா மேஸ்திரி? என் வளையிலிருந்தே அவளுக்கும் ஒரு கிளை விடுங்க. அவ வாசல்ல தண்ணி ஏறினா என் பக்கமா வெளியே வரட்டுமே!”

எலியின் வயிற்றில் குட்டிகள் இருந்தன. அதற்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேண்டாம் என்றால் அண்ணன் என்ன நினைப்பார்?

“சரிங்கண்ணே” என்றது.

பெருச்சாளி முன்கால் மண்ணை உதறியது. “உன் பயமும் அவர் பயமும் ஒண்ணா, தங்கச்சி?”

பிறகு முள்ளம்பன்றியின் வளையிலிருந்து எலியின் அளவுக்கு ஒரு கிளை தோண்டி, மறுமுனையில் எலிக்கு ஒரு வாசலும் வைத்துவிட்டுப் போனது.

ஐந்து குட்டிகள் பிறந்தன. வயல் எலிகள் உள்ளே வந்ததும் வாசலை மண்ணால் அடைத்துவிடும். இந்த எலி ஒருமுறை அடைத்து, மறுமுறையும் தட்டிப் பார்க்கும்.

“இன்னும் பூசி முடியலையா? கோட்டை கட்டுறியாக்கும்!” என்று முள்ளம்பன்றி கிளை வழியாகக் கேலி செய்யும். அதன் வாசலோ எப்போதும் திறந்தே கிடக்கும். யார் வந்தாலும் முள் இருக்கிறதே!

ஒரு மதியம் மழை கொட்டியது. முள்ளம்பன்றியின் வாசலில் ஒரு சாரைப்பாம்பு தலை நீட்டியது.

“நனையுதுங்க. ஒரு ஓரமா சுருண்டுக்கிறேன்.”

“சுருண்டுக்க. என்கிட்ட வாலாட்டினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“ஐயோ, உங்ககிட்டயா!”

முள்ளம்பன்றி தூங்கிப்போனது. சாரை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அதன் பக்கமே போகவில்லை. கிளை வழியில் பால் வாசனை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது.

எலி அப்போது வாசல் மண்ணை இரண்டாம் முறை தட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஏதோ உரசும் சத்தம். திரும்பியது. கால் எட்டும் தூரத்தில் ஒரே ஒரு குட்டிதான் இருந்தது. அதைக் கவ்விக்கொண்டு, தான் அவ்வளவு கெட்டியாக அடைத்த வாசலைத் தானே பிறாண்டிப் பிறாண்டி வெளியே வந்தது.

கீச்சொலி கேட்டு முள்ளம்பன்றி விழித்தது. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு ஓடியது. எலியின் அளவுக்குத் தோண்டிய கிளையில் அதன் தலைகூட நுழையவில்லை.

மழை விட்டது. நான்கு குட்டிகளை விழுங்கிய சாரை போய்விட்டது.

“நான் உனக்குக் கெடுதல் நினைக்கலையே!” என்று முள்ளம்பன்றி அழுதது.

“இல்லண்ணே. பாம்பால உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. அதனாலதான் உள்ள விட்டீங்க” என்றது எலி.

பிறகு அது கிளை வழியை அடைக்கத் தொடங்கியது. மறுபக்கத்திலிருந்து முள்ளம்பன்றியும் மண் தள்ளியது. அதன்பின் அவை மேட்டின் உச்சியில், வெளிச்சத்தில் சந்தித்துப் பேசிக்கொண்டன.

ஒரே இடத்தில் குடியிருப்பவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அவரவர் ஆபத்து வேறு. ஆகவே அவரவர் வழியும் வேறாக இருக்க வேண்டும்.