பூ போடாத குடுவை

"இன்னும் என்ன யோசனை, டீச்சர்?" என்று கேட்டார் கோலப்பன் வைத்தியர்.

வைத்தியசாலையை மகனிடம் விட்டுவிட்டு, ஐம்பது தாண்டிய பிறகு ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர் அவர். அவருக்கு வழிகாட்டும் பேராசிரியை ஜெசிந்தாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

தும்பைப்பூவைக் கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கிப் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு பொருளைச் சுத்தமாக எடுத்திருந்தார் வைத்தியர். நிறமில்லாத எண்ணெய் போலக் குப்பியின் அடியில் கொஞ்சம். பல வருஷ உழைப்பு. பட்டமும் அதன் மேல்தான் நின்றது.

"தும்பையில இப்படியொண்ணு இருக்குன்னு இதுவரை யாரும் எழுதல. கட்டுரைய நாளைக்கே அனுப்பிடலாம்."

ஜெசிந்தா சோதனை முடிவைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். பிறகு வைத்தியரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"எல்லாத்தையும் இன்னொரு தரம் செய்யுங்க, வைத்தியரே. பூ மட்டும் போடாதீங்க."

"பூ போடாமலா?"

"ஆமா."

"மருந்தே போடாம கஷாயம் காய்ச்சச் சொல்றீங்க."

"காய்ச்சுங்க. முதல் டம்ளர் எனக்கு."

கோலப்பன் சிரித்துவிட்டார். வயதில் சின்னவர் என்றாலும் குரு குருதான். அவர் மனசுக்காக ஒரு வாரத்தை வீணாக்கினால் குறைந்தா போய்விடும் என்று நினைத்துக்கொண்டார்.

அதே பிளாஸ்டிக் கேனிலிருந்து கரைப்பானை ஊற்றினார். ஒன்றுமில்லாததை ஊறவைத்தார். ஒன்றுமில்லாததை வடித்தார். அதே குழாய், அதே பொறுமை.

இறங்கியதில் ஒரு துளியைத் தகட்டில் பழைய பொருளுக்குப் பக்கத்தில் தொட்டு வைத்தார். அவை பொருளுக்குத் தக்க உயரத்துக்கு ஏறும்வரை விட்டு, புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தார்.

இரண்டு புள்ளிகள். ஒரே உயரம். ஒரே ஆள் இரண்டு வரிசையிலும் வந்து நின்ற மாதிரி.

மெல்லத் திரும்பிக் கேனைப் பார்த்தார். இத்தனை காலமும் கரைப்பானில் கேனின் பிளாஸ்டிக்கும் சேர்ந்துதான் ஊறியிருக்கிறது.

தகட்டோடு போய் ஜெசிந்தாவின் முன்னால் நின்றார்.

"ஏதாவது வந்துதா?"

"வந்தது, டீச்சர். பூவைக் கேக்காமலே வந்துட்டது."

ஜெசிந்தா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வைத்தியர் உட்கார்ந்தார்.

தகட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ தும்பையில ஒண்ணுமே இல்லையா?"

ஜெசிந்தா வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அதை இனிமேதானே, வைத்தியரே, நாம பார்க்கப் போறோம்."