சேனாதிபதியின் மேலாடையைத் தின்ற படை

முன்னொரு காலத்தில், கடல் பொங்கி வயல்களுக்குள் புகுந்து திரும்பிய மறு வருஷம், ஒரு ராஜா யானைமேல் ஏறி முள்ளிக்கரை என்ற ஊர் வழியாகப் போனார். நிலமெல்லாம் வெள்ளைவெளேரென்று உப்புப் பூத்துக் கிடந்தது. ராஜாவுக்கு என்ன தோன்றியதோ, “வரும் தைக்கு இந்த மண்ணில் விளைந்த நெல்லில்தான் எனக்குப் பொங்கல்” என்று சொல்லிவிட்டார்.

“விளையாவிட்டால் இந்த நாற்பது வீட்டையும் கிளப்பிவிட்டு உப்பளம் போட்டுவிடலாம் அரசே” என்றார் சேனாதிபதி வீரசூளாமணி. “விளைவிக்கும் பொறுப்பை நம் விகடகவி கூத்தபிரானிடமே கொடுப்போம். அவருக்குத் தெரியாததும் உண்டோ!”

கூத்தபிரானுக்கு ஏர் பிடிக்கவே தெரியாது. மறுநாள் முள்ளிக்கரைக்குப் போய் விழித்துக்கொண்டு நின்றார். அங்கே செங்கமலம் என்ற உழவுக்காரி, “விதைச்சதெல்லாம் கருகிப்போச்சு சாமி. குப்பை கொட்டுற மூலையில மட்டும் கீரை தளதளன்னு நிக்குது. அந்த மண்ணு மெத்துன்னு இருக்கு, போட்ட தழையெல்லாம் மாயமாப் போயிடுது. யாரு திங்கிறான்னுதான் புரியல” என்றாள்.

கூத்தபிரானுக்கும் புரியவில்லை. ஆனாலும் மண்ணுக்கு என்னென்ன போடலாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு சபைக்குத் திரும்பினார்.

“எத்தனை ஆள் வேண்டும்?” என்று ராஜா கேட்டார்.

“ஆளே வேண்டாம் அரசே. மண்ணுக்குள் கோடிப் பேர் பட்டினி கிடக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டால் போதும்.”

“என்ன சாப்பிடுவார்கள்?”

“யானைச் சாணம், கொளுஞ்சித் தழை, வேப்பம் பிண்ணாக்கு.”

ராஜா தலையைச் சொறிந்தார். சாணம் தின்னும் மனிதர்களா? அதுவும் தம் நாட்டிலா?

வீரசூளாமணி துள்ளி எழுந்தார். “அரசே! நம் படையே இருபதாயிரம்தான். இவர் ஒளித்து வைத்திருப்பதோ கோடி! அப்படி ஒரு படை இருந்தால் இவர் ராஜத்துரோகி. இல்லையென்றால் மன்னரிடம் பொய் சொன்னவர். இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான்.”

சபை கிசுகிசுத்தது. “இருக்கிறதா, இல்லையா?” என்று ராஜா குழம்பிப்போய்க் கேட்டார்.

போட்ட தழை மாயமாவதாகச் செங்கமலம் சொன்னதுதான் கூத்தபிரானுக்குக் கைகொடுத்தது. “இருக்கிறார்கள் அரசே. சேனாதிபதி தம் மேலாடையைத் தந்தால் காட்டுகிறேன்.”

வெள்ளைப் பருத்தி மேலாடை இரண்டாகக் கிழிபட்டது. ஒரு பானையில் வெறும் உவர் மண். இன்னொன்றில் அதே மண்ணோடு மக்கிய சாணமும் தழையும். பானைக்கொரு பாதியைப் புதைத்து, நீர் தெளித்து, வாயைத் துணியால் கட்டினார்கள். சேனாதிபதியே தம் மோதிரத்தால் முத்திரை வைத்தார். பானைகளைத் தம் வீட்டிலேயே வைத்துக் காவலும் போட்டார். அந்த நாட்களில் முள்ளிக்கரை வயல்களுக்கு வண்டி வண்டியாக எரு போய்க்கொண்டிருந்தது.

அறுபதாம் நாள் சபையில் முத்திரைகளை உடைத்தார்கள். உவர் மண்ணிலிருந்து துணி அழுக்காக, முழுசாக வந்தது. மற்றதில் கையைவிட்ட வீரசூளாமணி, கரை நூல் நாலைந்தை மட்டும் உருவி எடுத்தார்.

“என் மேலாடை எங்கே?” என்று அலறினார்.

“முத்திரை தங்களுடையது, காவலும் தங்களுடையது” என்றார் கூத்தபிரான். “உள்ளே இருந்தவர்கள்தானே தின்றிருக்க வேண்டும்? கண்ணுக்குத் தெரியாதவர்கள், கத்தி பிடிக்காதவர்கள். இவர்களை வைத்து யார்மேல் படையெடுப்பேன் அரசே?”

ராஜா நூலைப் பார்த்தார், பானைக்குள் எட்டிப் பார்த்தார், மறுபடி நூலைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கிரீடமே சரிந்துவிட்டது.

“எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் படைக்கு உணவு கொண்டுபோவது சேனாதிபதியின் வேலை. நாளை முதல் சாண வண்டிக்கு முன்னால் நீர் போம்!”

ஐப்பசி மழை கொட்டியது. இளகிய மண்ணில் தண்ணீர் இறங்கி, உப்பைக் கரைத்து வாய்க்காலில் இழுத்துப் போனது. நட்ட நாற்று வேர் பிடித்தது. தையில் நெல் வந்தது. கொஞ்சம்தான், ஆனால் வந்தது. நாற்பது வீடும் நின்றன. பொங்கலை ருசித்த ராஜா பொற்கடகம் ஒன்றைக் கூத்தபிரானுக்குப் போட்டுவிட்டு, இன்னொன்றைச் செங்கமலத்திடம் நீட்டினார்.

“கடகம் இருக்கட்டும் சாமி” என்றாள் அவள். “யானைச் சாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க.”

வீரசூளாமணி மூக்கைப் பொத்திக்கொண்டார். ராஜா வாயிலிருந்த பொங்கல் சிதறச் சிரித்தார்.