இடிக்கு அசையாத பையன்

கல்லூரிப் பையன்களில் யார் தொழில்முறை கபடிக்குத் தேறுவான் என்று பார்த்துச் சொல்வது பவளக்கொடியின் வேலை. அந்த வேலையை அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் ஜெயசிங். குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு. அதனால் குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். பார்க்கிறவர்கள் யாருக்கு யார் பாடம் நடத்துகிறார்கள் என்று குழம்பிப்போவார்கள்.

பவளக்கொடி ஒரு காலத்தில் மாநில அணியின் கார்னர் ஆட்டக்காரி. பாடிக்கொண்டு வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டார். பேச்சிலும் அப்படித்தான். ஒரு வார்த்தை சொல்வார், அதோடு சரி. ஜெயசிங் ஒரு கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். விசில் ஊதியே பழகிய வாய், சும்மா இருக்காது.

டிராஃப்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அணிகள் முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கல்லூரிப் பையன்களை எடுக்கும் நாள் அது. இந்த வருடம் முதலில் எடுக்கும் முறை பவளக்கொடி வேலை பார்க்கும் அணிக்கு. அவர் கை காட்டுகிற பையன்தான் முதல் ஆள்.

தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் தேர்வு நடந்தது. தகரக் கூரைக்குக் கீழே மேட் விரித்திருந்தார்கள். கூரையைத் தாண்டினால் செம்மண்ணும் நெருஞ்சியும்.

"மேடம், ஒருத்தனப் பாத்ததும் இவந்தான்னு எப்படித் தெரியும்?" என்று ஜெயசிங் கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியுது, சார்?"

இதற்காகத்தான் ஜெயசிங் காத்திருந்தார்.

"வலிக்குப் பயப்படாதவன எடுக்கணும். ஓட்டத்தப் பழக்கிரலாம், பிடியப் பழக்கிரலாம். நெஞ்சுரம் மட்டும் பழக்க முடியாது. அப்படி ஒருத்தன நான் கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். இன்னைக்குக் காட்டுதேன், பாருங்க."

அவர் கண்டுபிடித்தவன் பட்டுராஜ். மூன்றாம் ஆண்டு வணிகவியல். பாடிக்கொண்டு எதிரணிக்குள் நுழைந்தால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்பமாட்டான். பனங்கட்டை மாதிரி உடம்பு. சிரித்தால் பச்சைக் குழந்தை. அவன் முதல் ஆளாகப் போகப் போகிறான் என்ற நம்பிக்கையில் ஊரில் பிளக்ஸே வைத்துவிட்டார்கள். டிராஃப்ட் முடியட்டும் என்று பொறுக்க ஊர்க்காரர்களுக்கு எங்கே முடிகிறது?

ஜெயசிங் அவனை மேட் நடுவில் நிறுத்தினார். கல்லூரியிலேயே கனமான தடுப்பாட்டக்காரனைக் கூப்பிட்டு, "ஓடி வந்து இடது தோள்ல இடில" என்றார்.

அவன் ஓடி வந்து இடித்தான். தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி சத்தம். பட்டுராஜின் தலை ஒரு பக்கம் வெட்டித் திரும்பியது. ஆனால் முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது.

"பாத்தீங்களா மேடம்!"

பவளக்கொடி பையனையே பார்த்தார்.

"இன்னொண்ணு இடில!"

இன்னொன்று விழுந்தது. பட்டுராஜ் சிரித்தான்.

"இன்னும் ஒண்ணு அடிக்கச் சொல்லுங்க சார்" என்று அவனே கேட்டான்.

ஜெயசிங்குக்குப் பெருமை தாங்கவில்லை. செல்போனில் படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது இடி விழுந்ததும், "போதும்" என்றார் பவளக்கொடி.

"ஏன் மேடம்? நாள் முழுக்க நிப்பான்லா!"

"போதும், சார்."

பட்டுராஜ் ஓரமாகப் போய் உட்கார்ந்து டவுசர் நாடாவை இறுக்கிக் கட்டினான். பவளக்கொடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பையன்கள் ஓடுவதையும் குதிப்பதையும் ஜெயசிங் பரபரவென்று அளந்துகொண்டிருக்க, குரு கடைசிவரை அந்த ஒருவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனைத்தான் அணிக்கு எடுக்கப்போகிறார் என்று ஜெயசிங் நினைத்தார். அன்று இரவு அவருக்குச் சந்தோஷத்தில் இரண்டு பரோட்டா கூடுதலாக இறங்கியது.

மறுநாள் காலையில் பையன்கள் எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார் பவளக்கொடி. ஆட்டம் இல்லை, ஓட்டம் இல்லை.

"கை குடுத்துட்டுக் கிளம்பறேன்" என்றார்.

ஒவ்வொருவனிடமும் போய், அவனுடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளால் பிடித்தார். நன்றாக அழுத்திப் பிடித்தார். முதல் பையன், "ஸ்ஸ்!" என்று கையை இழுத்துக்கொண்டான். இரண்டாவது பையன், "ஆத்தாடி!" என்று துள்ளினான். மூன்றாவது பையன் பெரியவர்களுக்கு முன்னால் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜெயசிங்குக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டே போய் எட்டிப் பார்த்தார். பவளக்கொடியின் வலது கை மோதிர விரலில் ஒரு பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அதில் ஒரு நெருஞ்சி முள் வெளிப்பக்கமாகக் குத்திட்டு நின்றது.

ஜெயசிங் சிரித்துவிட்டார். 'இதுதானா சங்கதி! நெஞ்சுரத்தைச் சோதிக்கிறார். நேற்று நான் இடியை வைத்துக் காட்டியதை இன்று இவர் முள்ளை வைத்துக் காட்டுகிறார்' என்று நினைத்தார். தன் பையன் முறை எப்போது வரும் என்று ஆவலாகக் காத்திருந்தார்.

பட்டுராஜின் முறை வந்தது. பவளக்கொடி அவன் கைகளைப் பிடித்து அழுத்தினார். மற்றவர்களைப் பிடித்ததைவிட அதிக நேரம் பிடித்திருந்தார்.

பட்டுராஜ் அவர் முகத்தைப் பார்த்துப் பணிவாகச் சிரித்துக்கொண்டே நின்றான்.

ஜெயசிங் கை தட்டினார். "சொன்னேம்லா மேடம்! கண்ணு கூட இமைக்கல!"

பின்னால் நின்ற பையன்களும் கை தட்டினார்கள்.

பவளக்கொடி கையை விட்டார்.

"தம்பி, கையில என்ன?"

பட்டுராஜ் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லையே மேடம்."

"அந்தக் கை."

இடது கையைத் தூக்கினான். சுண்டு விரலுக்குக் கீழே முள் முழுசாக இறங்கி நின்றது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

பையன் அதைப் பார்த்தான். அப்போதுதான் அவன் முகம் செத்தது.

கைதட்டல் நின்றுபோயிற்று. ஜெயசிங்கின் கைகள் மட்டும் தட்டுகிற மாதிரியே அந்தரத்தில் நின்றன.

பவளக்கொடி முள்ளை எடுத்தார். எடுத்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"எப்ப இருந்து?"

பட்டுராஜ் தரையைப் பார்த்தான்.

"எப்ப இருந்துப்பா?"

"பொங்கல்ல இருந்து மேடம். ஊர்ல பொங்கல் ஆட்டம். கழுத்துல ஒரு இடி. கரண்ட் அடிச்ச மாதிரி கை வரைக்கும் இழுத்துச்சு. பெறகு சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் மரத்துப்போச்சு. இப்ப தோள் வரைக்கும் அப்படித்தான் இருக்கு. தைலம் தேய்க்கேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னா உக்கார வச்சிருவாங்கல்லா?"

பங்குனி வெயில் கூரைக்கு வெளியே கொளுத்தியது. இடி விழுந்தபோது அவன் முகம் சுளிக்காததற்குக் காரணம் ஜெயசிங்குக்கு இப்போது புரிந்தது. பாதி இடி அவனுக்குத் தெரியவே இல்லை. மீதியைச் சிரித்து மறைத்திருக்கிறான்.

"உங்களுக்கு எப்படி மேடம்…" என்று தொடங்கினார்.

"நேத்து நாடா கட்டினான், சார். முடிச்சு போடறப்ப நாம விரலைப் பார்க்கிறதில்ல. இவன் குனிஞ்சு பார்த்துப் பார்த்துக் கட்டினான்."

பட்டுராஜ் பவளக்கொடிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"மேடம், டிராஃப்ட் மட்டும் முடியட்டும். உங்க அணிக்கே வாரேன். ஒரு வருசம் ஆடிக்கிடுதேன். பெறகு எந்த ஆஸ்பத்திரிக்குச் சொன்னாலும் போறேன். ஊர்ல பிளக்ஸ் வச்சிருக்காங்க மேடம்."

"எழுந்திரு. வண்டியில ஏறு" என்றார் பவளக்கொடி.

டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கழுத்தைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு அவர்களை உள்ளே கூப்பிட்டார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குது. தண்டுவடத்துக்கும் முடி அளவுதான் இடைவெளி. கடைசியா எப்ப அடிபட்டது?"



"நேத்து" என்றான் பட்டுராஜ்.

"நேத்தா? எத்தனை அடி?"

பட்டுராஜ் ஜெயசிங்கைப் பார்த்தான். காட்டிக்கொடுக்க மனமில்லாத பார்வை. அந்தப் பார்வையை ஜெயசிங்கால் தாங்க முடியவில்லை.

"மூணு. நாந்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஜெயசிங்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாலாவது அடிச்சிருந்தா இவர் நடந்து வந்திருக்க மாட்டார். தூக்கிட்டு வந்திருப்பீங்க. கழுத்துக்குக் கீழ எதுவும் வேலை செஞ்சிருக்காது."

ஜெயசிங் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஒரு வருடம் ஓய்வு, அதற்குப் பிறகு ஆட முடியுமா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கழுத்துக்குப் பட்டை மாட்டிப் பையனைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

பவளக்கொடி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"லீக் டாக்டர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

டிராஃப்ட் நடத்தும் லீக்கின் டாக்டரிடம் சொல்லிவிட்டால் எந்த அணியும் அவனை எடுக்க முடியாது. பட்டுராஜுக்கு அது தெரியும். கழுத்தைத் திருப்ப முடியாததால் கூரையைப் பார்த்துக்கொண்டே அழுதான். கண்ணீர் காதுக்குள் போயிற்று.

"நீங்க மட்டும் கை குடுக்காம போயிருந்தா, நான் இந்நேரம் ஆடிக்கிட்டு இருப்பேன்."

"ஆமாப்பா" என்றார் பவளக்கொடி.

"என்னைக்கும் உங்கள மன்னிக்க மாட்டேன்."

"சரிப்பா."

வெகுநேரம் கழித்து, "நீங்களே சொல்லுங்க" என்றான்.

அவர் வெளியே வந்து போன் பேசினார். முதல் ஆளாகப் போக இருந்தவன் பெயர் அந்த இரண்டு நிமிடப் பேச்சில் டிராஃப்டிலிருந்து போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை. பவளக்கொடி இரண்டு டீ வாங்கி ஒன்றை ஜெயசிங்கிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. டீயில் ஏடு படிந்தது.

"இந்த வேலை எனக்கு வேண்டாம் மேடம்."

பவளக்கொடி டீயைக் குடித்தார்.

"முப்பது வருசம் பையன்களோட இருந்திருக்கேன். ஒரு நாளும் ஒருத்தனக் கை நீட்டி அடிச்சதில்ல. நேத்து ஒருத்தனக் கொல்லப் பாத்திருக்கேன். செல்போன்ல படம் எடுத்துக்கிட்டே கொல்லப் பாத்திருக்கேன்."

குரு சமாதானம் சொல்லவில்லை. 'உங்கள் மேல் தப்பில்லை' என்று ஒரு வார்த்தை வரும் என்று ஜெயசிங் எதிர்பார்த்திருக்க வேண்டும். வரவில்லை. தெருவில் ஒரு மினி பஸ் பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. அது போனதும் ஜெயசிங் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவன் ஆட்டம் நெசமா, பொய்யா? நல்ல ஆட்டக்காரன்தானா?"

"நான் பார்த்ததிலேயே நல்ல ஆட்டக்காரன் அவன்தான், சார்."

ஜெயசிங் நிமிர்ந்தார்.

"நீங்க வான்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, அந்தக் கழுத்தோட வந்து ஆடிருப்பாம்லா?"

"ஆடியிருப்பான்."

"கப் வாங்கிக் குடுத்திருப்பாம்லா?"

"கொடுத்திருப்பான்."

"உயிரையும் குடுத்திருப்பான்."

"அதையும்தான்."

"பெறகு எப்படி மேடம் உங்களால கேக்காம இருக்க முடிஞ்சுது?"

பவளக்கொடி காலி டம்ளரைப் பலகையில் வைத்தார்.

"மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்சவன்கிட்டத்தான், சார், எதையும் கேக்கலாம்."