திருமூர்த்தி சாரின் பின்கதவுச் சமையலறை

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை எங்களுடையது. எங்களுடையது என்று சும்மா சொல்லிக்கொள்வதுதான். பட்டறை மேஸ்திரி வசந்தாமணியுடையது. நான் அங்கே பெயின்டர். கதவில் பூப் போடுவதும் பின்பலகையில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதுவதும் என் வேலை. வாயை மூடிக்கொண்டு எழுது என்று மேஸ்திரி தினமும் ஒரு தடவையாவது சொல்வார்.

மேஸ்திரிக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த திருமூர்த்தி சாருக்கு அறுபத்தொன்று. இயற்பியல் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக ஒரு குட்டி டிரெய்லர் செய்யவேண்டும் என்று வந்தார். நீர்த்துளி மாதிரி வடிவம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவை மேலே தூக்கினால் அங்கேயே சமையலறை.

"மொதல்ல லாரியில கை பழகுங்க சார். உங்க வண்டி அப்புறம்," என்றார் மேஸ்திரி.

வாத்தியார் மறுபேச்சு பேசவில்லை. நாலு மாதம் ஒரே லாரியில் ரிவிட் ஆணி அடித்தார். கட்டைவிரலில் ரெண்டு தடவை அடித்துக்கொண்டார். அந்த லாரி பெயின்ட் வேலைக்கு நின்றபோதுதான் தன் டிரெய்லரில் கை வைத்தார். பக்கம், கூரை எல்லாம் முடிந்துவிட்டது. பின்கதவு மட்டும் பாக்கி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழாவது வரைபடத்தோடு வந்து நின்றார். முந்தின ஆறையும் அவரே கிழித்துப் போட்டிருந்தார்.

மேஸ்திரி விரித்துப் பார்த்தார். அஞ்சறைப் பெட்டிக்கு இடம். மிக்சிக்கு இழுப்பறை. குழாய், தொட்டி, கதவின் உள்பக்கம் விளக்கு. அருவாமனைக்குக்கூடத் தனியாக ஒரு உறை.

"எல்லாந்தான் இருக்குதுங்களே சார். இன்னும் என்ன?"

"அவ வரமாட்டேங்கறா மேஸ்திரி."

அவர் மனைவி சௌந்தரம்மாவைச் சொன்னார். அந்த அம்மாவோடு போகத்தான் வண்டியே.

"பையனுக சின்னதா இருந்தப்ப வேன் எடுத்துக்கிட்டுக் கன்னியாகுமரி போனோம்ங்க. வழியெல்லாம் நாங்களே சமைச்சுக்கிட்டோம். சாயங்காலம் கடற்கரையோரமா வேனை நிறுத்துனோம். ரெண்டு பேரும் என் தோள்ல ஒருத்தன், இடுப்புல ஒருத்தன். சூரியன் அப்படியே தண்ணிக்குள்ள எறங்குச்சுங்க. அந்தச் செவப்பு இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

இதை நான் ஏற்கெனவே நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் சாரின் குரல் இறங்கிவிடும்.

"அந்த மாதிரி ஒரு நாள் மறுபடி வரவே இல்லைங்க. பையனுக ரெண்டு பேரும் வெளிநாட்டுல. நாங்க ரெண்டு பேராவது மறுபடி போலாம்னு பார்த்தா, 'நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுல இருக்கறேன்'ங்கறா. சமையலுக்கு வசதி இருந்தா மனசு மாறும். இந்தக் கதவுக்குள்ள இன்னும் என்ன வெக்கலாம், நீங்களே சொல்லுங்க."

மேஸ்திரி வரைபடத்தை மடித்தார்.

"எங்க ஆறு பேருக்கும் டீ போடுங்க சார். உங்க வண்டியிலயே."

டிரெய்லர் சுவரைப் பார்த்து நின்றது. பின்பக்கம் கதவுக்குப் பதிலாக ஒரு பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்து, கீழே அடுப்பை வைத்தோம். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவருக்குப் பட்டறை வாசல் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். சார் பாலை ஏற்றினார்.

அன்றைக்குத்தான் அவர் ரிவிட் அடித்த லாரி கிளம்புகிற நாள். ராசிபுரத்திலிருந்து லாரி முதலாளியின் குடும்பம் மாலையும் தேங்காயுமாக வந்திருந்தது. புது வண்டி கிளம்பும்போது அதில் வேலை செய்த எல்லோரும் ஆளுக்கொரு கை வைத்துத் தள்ளுவது எங்கள் பட்டறை வழக்கம். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். தள்ளுவது எங்கள் சந்தோஷத்துக்கு.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

"சார், வாங்க, கெளம்புது," என்றேன்.

"இதோ வர்றேன். பால் பொங்கற நேரம்."

மேஸ்திரியும் கூப்பிட்டார்.

"ஒரே நிமிஷங்க," என்றார் சார், திரும்பாமலே.

ஹாரன் அடித்தது. தள்ளினோம். கேபினுக்குள் முதலாளி வீட்டுக் குழந்தைகள் கத்திச் சிரித்தன. லாரி வாசலைத் தாண்டி திருச்சி ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

சார் தட்டில் ஆறு கிளாஸோடு திரும்பினார். வாசலில் நசுங்கின எலுமிச்சம்பழம்தான் கிடந்தது.

"போயிருச்சா?" என்றார். முகம் சின்னப் பிள்ளை மாதிரி வாடிவிட்டது. "என் மொத வண்டி மேஸ்திரி. ரெண்டு நிமிஷம் நிறுத்தக் கூடாதா?"

"நல்ல நேரம் முடியுதுன்னாங்க சார். கூப்பிட்டமே."

"அடுப்புல பால் இருந்துச்சுங்க. எப்படி விட்டுட்டு வர்றது?"

"ஆமாங்க," என்றார் மேஸ்திரி. ஒரு வாய் குடித்தார். "டீ நல்லாருக்குது."

எனக்கு மேஸ்திரி மேல் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மாதம் விரலை நசுக்கிக்கொண்டு உழைத்த மனுசன். இந்த நேரம் பார்த்தா டீ போடச் சொல்வது? கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மேஸ்திரி கேட்டார்.

"கன்னியாகுமரியில அம்மா எங்க நின்னாங்க சார்?"

"வேனுக்குப் பின்னாடிங்க. அடுப்பு அங்கதானே..."

பாதியில் நின்றுவிட்டார்.

தட்டை வைத்துவிட்டு போனை எடுத்தார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"சௌந்தரம், அன்னிக்குக் கன்னியாகுமரியில சூரியன் எறங்குனத நீ பார்த்தியா?"

"என்னங்க திடீர்னு?"

"பார்த்தியா, சொல்லு."

"நீங்க கூப்பிட்டீங்க. எனக்கு அடுப்புல ரசம். காத்துல வேற அணைஞ்சு அணைஞ்சு போச்சு. எறக்கி வெச்சுட்டு வர்றதுக்குள்ள இருட்டிருச்சு." அந்த அம்மா லேசாகச் சிரித்தார். "அதனால என்ன? நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி, எனக்குப் பார்த்த மாதிரியே ஆயிப்போச்சு."

சார் போனை அணைத்தார். டிரெய்லரின் அடுப்பருகே போய் நின்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கையிலிருந்த டீயைக் குடிக்கத் தோன்றவில்லை.

சார் வரைபடத்தை எடுத்துப் பிரித்தார். பென்சிலைத் தேடினார்.

"மேஸ்திரி, அடுப்புப் பலகையை அவ ஒசரத்துக்கு முப்பத்திரண்டு அங்குலம்னு போட்டிருக்கறேன். அதை..."

மேஸ்திரி டேப்பை இழுத்தார். ஒரு முனையைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை சாரின் இடுப்பு வரைக்கும் உயர்த்தினார்.

"முப்பத்தேழு. எழுதிக்குங்க. ரசம் வெக்கத் தெரியுங்களா சார்?"

"தெரியாதுங்க."

"அம்மாகிட்டக் கத்துக்கிட்டு வாங்க. கதவு அப்புறம் மாட்டலாம்."